அறுபது தோல்வி

இரண்டு வருஷத்தில் 74 ஆட்டம். ஒன்பது வெற்றி, ஐந்து சமன், மிச்சம் அறுபதும் தோல்வி. மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தின் ஐஸ் ஹாக்கி அணி 2009-10 பருவத்தில் 5 வென்று 30 தோற்றது. 2010-11-இல் 4 வென்று மறுபடியும் அதே 30 தோற்றது. அந்தக் கல்லூரியின் ஹாக்கி வரலாற்றில் யாரும் விரல் வைத்து வாசிக்க விரும்பாத இரண்டு வரிகள். எனக்கு அவை ரேஷன் கார்டு எண் மாதிரி மனப்பாடம். சரியாக அந்த இரண்டு வருஷம்தான் நான் அங்கே எம்.எஸ். படித்தேன்.

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய மறு பருவமே அந்த அணி 16 ஆட்டம் ஜெயித்தது. எல்லாம் என் ராசி என்று அப்பா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

நான் கோவில்பட்டிக்காரன். ஹாக்கி எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் மட்டும் இருக்கிற தேசிய விளையாட்டு இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் சைக்கிளை வேலியோரம் சாய்த்துவிட்டு நின்று பார்க்கிற ஆட்டம். என் பெரியப்பா முழங்கால் இரண்டிலும் தழும்போடு இருந்தார். கரிசல் மண்ணில் கோடை நாளில் விழுந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தழும்பு எப்படி வருமென்று தெரியும். பள்ளிக்கூட அணியில் பதினொன்றாவது ஆளாகவும் சில நாள் பன்னிரண்டாவது ஆளாகவும் இருந்தவன் நான். பெரிய ஆட்டக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் பந்து மட்டையில் படுகிற சத்தத்தை வைத்தே அடி சரியா தப்பா என்று சொல்லிவிடுவேன்.

அமெரிக்காவில் இடம் கிடைத்ததும் அங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த சீனியர் ஒருவரிடம் போனில் கேட்டேன், "அங்க ஹாக்கி உண்டாண்ணே?" அவர் சிரித்தார். "ஊரே அதுதான்டா." அந்த ஒரு வார்த்தையை நம்பி என் ஹாக்கி மட்டையைப் பெட்டிக்குள் குறுக்காக வைத்து, அது நுழையாமல் போகவே சாக்கில் சுற்றிக் கட்டித் தனிச் சாமானாகக் கொண்டுபோனேன். ஐஸ் ஹாக்கி என்று அவரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஊரின் பெயர் ஹோட்டன். "எந்த ஹோட்டல்லய்யா படிக்கே?" என்று அம்மா முதல் மாதம் முழுக்கக் கேட்டாள். சுப்பீரியர் ஏரிக்குள் விரல் நீட்டுகிற மாதிரி நிற்கும் கீவினா தீபகற்பத்தில், செம்புச் சுரங்கங்களுக்காக உருவான ஊர். கல்லூரியே 1885-இல் சுரங்கப் பள்ளியாகத் தொடங்கியதுதான். இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து சுரங்கத் தொழிலாளிகள் வந்து சேர்ந்தார்கள். பின்லாந்திலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். சுரங்கம் எல்லாம் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. கார்ன்வால்காரர்களின் பாஸ்டி மட்டும் ஊரில் தங்கிவிட்டது. மாவுக்குள் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுடுவார்கள். நம்ம பேக்கரிக் கறி பஃப்ஸுக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பனியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. குளிர்காலத்துக்கு 200 அங்குலத்துக்கு மேல் பெய்யும். 1978-79 குளிர்காலத்தில் அந்தத் தீபகற்பத்தில் 390.4 அங்குலம் விழுந்ததாம். அந்தக் கணக்கைப் பெரிய வெப்பமானி மாதிரி ஒரு கம்பத்தில் எழுதிச் சாலையோரம் நட்டு வைத்திருக்கிறார்கள். டிசம்பரில் காலை எட்டரைக்குத்தான் சூரியன் தலைகாட்டும், சாயங்காலம் ஐந்து மணிக்கு இருட்டிவிடும். ஊரையும் அக்கரையையும் சேர்க்கிற தூக்குப் பாலத்துக்கு இரண்டு அடுக்கு. குளிர்காலத்தில் கீழ் அடுக்கில் பனிவண்டிகள் போகும். வைப்பாற்றில் தண்ணீர் ஓடினாலே பேருந்தை விட்டு இறங்கி வேடிக்கை பார்க்கிற மண்ணிலிருந்து போனவனுக்கு இதெல்லாம் எப்படி இருந்திருக்கும் பாருங்கள்.

முதல் ஆட்டத்துக்கு சீனியர்தான் கூட்டிப்போனார். மக்கின்னஸ் அரங்கம், நாலாயிரம் பேருக்குக் கொஞ்சம் மேல் உட்காரலாம். கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த குளிரையும் பனித்தளத்தின் வெளிச்சத்தையும் நான் மறக்கவில்லை. ஆட்டம்தான் ஒரு எழவும் புரியவில்லை. பந்துக்குப் பதில் ரப்பர் வில்லை. அதைப் பக் என்கிறார்கள். குறுக்களவு மூன்று அங்குலம், கனம் ஒரு அங்குலம். போகிற வேகத்தில் கண்ணுக்கே தட்டுப்படாது. சுற்றியிருப்பவர்கள் எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறார்களோ அந்தப் பக்கம் நானும் திருப்பினேன். விசில் ஊதாமலே ஆட்கள் மாறுகிறார்கள். முக்கால் நிமிஷம் ஓடியவன் வேலியைத் தாண்டி உள்ளே குதிக்கிறான், இன்னொருவன் வெளியே குதிக்கிறான். எல்லாவற்றையும்விட என்னைத் திகைக்கவைத்தது கோல் கம்பங்களுக்குப் பின்னாலும் ஆட்டம் நடப்பது. எங்கள் ஊரில் பந்து கோலுக்குப் பின்னால் போனால் கருவேலஞ்செடிக்குள் புகுந்து யாராவது எடுத்து வரவேண்டும், அவ்வளவுதான். இங்கே அதன் பின்னாலிருந்துதான் சதியே தொடங்குகிறது.

அன்றைக்குத் தோற்றார்கள். மறுநாள் அதே எதிரணியோடு மறுபடி ஆட்டம். அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் அதுதான் வழக்கம், வெள்ளி ஒன்று, சனி ஒன்று. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் ரசிகனின் மனசைக் கூறுபோட்டுப் பார்த்தவனாகத்தான் இருக்கவேண்டும். வெள்ளி ராத்திரி தோற்றுவிட்டு, பனியில் கால் புதையப் புதைய அறைக்கு நடக்கும்போது இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று இருக்கும். சனிக்கிழமை மத்தியானம் சோறு வடிக்கும்போது, நேற்று நாம் அடித்ததெல்லாம் சரியான அடிதான், அவர்கள் கோலி மட்டும் கொஞ்சம் அசந்திருந்தால், என்று ஒரு எண்ணம் வரும். ஆறு மணிக்குக் கம்பளிக் குல்லாயைத் தேடிக்கொண்டிருப்பேன். அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை இதே கதை.

ராத்திரி அறைக்கு வந்தால் கோவில்பட்டியில் காலை. அம்மா கேட்பாள், "ஏய்யா, இன்னைக்காவது ஜெயிச்சானுவளா?" அப்பா பின்னாலிருந்து, "தோக்குத டீமுக்கு எதுக்குடே குளிர்ல போயி ஒக்காருத?" என்பார். பதில் இருந்ததில்லை. இதே அப்பாதான் 2008-இல் இந்திய ஹாக்கி அணி பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதியே பெறாமல் போனபோது இரண்டு நாள் யாரோடும் முகம்கொடுத்துப் பேசாமல் இருந்தவர்.

எனக்குக் கோபம் வந்தது தோல்விக்காக மட்டுமில்லை. பவர் பிளே என்று ஒன்று உண்டு. எதிரணிக்காரன் ஒருவன் தப்பு செய்தால் அவனை இரண்டு நிமிஷம் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துவிடுவார்கள். நம் பக்கம் ஐந்து பேர், அவர்கள் பக்கம் நாலு பேர். பந்தியில் இலை போட்டுச் சோறும் வைத்த மாதிரி. அந்த இரண்டு நிமிஷமும் பக்கை நீ வைத்துக்கொள், நான் வைத்துக்கொள்கிறேன் என்று ஓரத்திலேயே தள்ளிக்கொண்டிருந்தால் ரசிகனுக்கு வயிறு எரியுமா எரியாதா? "அடிடா" என்று நான் தமிழில்தான் கத்துவேன். பக்கத்தில் யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்பட்டதில்லை. ஒரு நோட்டில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கோல் நோக்கி எத்தனை அடி, எத்தனை பவர் பிளே, எத்தனை வீண் என்று குறித்தும் வைத்தேன். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டைக்கூட அவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை.

நியாயமாகப் பார்த்தால் அந்தப் பையன்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. மற்ற விளையாட்டுகளில் இரண்டாம் பிரிவில் ஆடுகிற கல்லூரி, ஹாக்கியில் மட்டும் முதல் பிரிவில் நின்றது. மொத்த மாணவர்களே ஏழாயிரம் பேர் அளவில்தான். அவர்கள் ஆடிய லீகில் மின்னசோட்டா, விஸ்கான்சின், வடக்கு டகோட்டா, டென்வர் என்று தேசியக் கோப்பைகளைப் பரணில் அடுக்கி வைத்திருக்கிற அணிகள். 2011-இல் தேசிய சாம்பியன் ஆன மின்னசோட்டா டுலூத்தும் அதே லீக்தான். வாராவாரம் இவர்களோடு மோதவேண்டும். இதெல்லாம் தெரியும். ஆனால் ரசிகனாக உட்கார்ந்திருக்கும்போது நியாயம் எதற்கு?

அரங்கத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு கிழவர். படியோரத்து முதல் இருக்கை அவருடையது, அடுத்தது என்னுடையது. கருப்பும் மஞ்சளுமாகக் கையால் பின்னிய குல்லாய், ஒரு பக்கம் நசுங்கிய பச்சை பிளாஸ்க். ஓய்வு பெறும்வரை சாலையில் பனி தள்ளுகிற வண்டி ஓட்டியவராம். முதல் நாலைந்து ஆட்டம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் நான் நோட்டில் குறிப்பதை எட்டிப் பார்த்தார். எங்கள் அணி அடித்த அடிகளில் ஒன்றை நான் கணக்கில் விட்டுவிட்டதாகச் சொன்னார். அவர் சொன்னது சரி. அன்றிலிருந்து பிளாஸ்க் மூடியில் எனக்கும் காப்பி வந்தது. சர்க்கரை இல்லாத, பால் இல்லாத, கஷாயம் மாதிரி ஒரு காப்பி.

கோபம் அவருக்கு வந்து நான் பார்த்ததில்லை. எதிரணி கோல் போட்டால் குல்லாயைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி மாட்டிக்கொள்வார். அவ்வளவுதான். 30 தோல்வி என்றால் எத்தனை கோல் வாங்கியிருப்போம், எத்தனை தடவை அந்தக் குல்லாய் கழன்றிருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பழைய கதை முழுக்க அவரிடம் கேட்டதுதான். 1904-இல் உலகின் முதல் முழுமையான தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக் இந்த ஊரிலிருந்துதான் கிளம்பியது, அதற்குக் காரணம் ஒரு பல் மருத்துவர் என்று அவர் சொன்னபோது ஊர்ப்பெருமை பேசுகிறார் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் அத்தனையும் உண்மை. ஜான் மக்கின்னஸ் 1956 முதல் 1982 வரை பயிற்சியாளராக இருந்து 555 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தவர். அரங்கத்துக்கு அவர் பெயர்தான். 1962, 1965, 1975 என்று மூன்று தேசியப் பட்டம். பிற்பாடு சிகாகோ பிளாக்ஹாக்ஸின் கோலியாக ஆடிப் பெரும் புகழ்பெற்ற டோனி எஸ்போசிட்டோ 1965 அணியில் இருந்தவர். 1974-இல் இறுதி ஆட்டத்தில் மின்னசோட்டாவிடம் தோல்வி. 1975-இல் அதே மின்னசோட்டாவை 6-1 என்று துவைத்து எடுத்தார்கள். 1976-இல் மூன்றாவது முறையாக அதே இரண்டு அணிகள், மறுபடி மின்னசோட்டாவுக்கு. அந்த 6-1-ஐ வானொலியில் கேட்டாராம். ஆறு கோலையும் வரிசையாக, யாரிடமிருந்து யாருக்குப் பக் போனது என்பது உட்பட, கீழே எங்கள் பையன்கள் தோற்றுக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சொன்னார்.

2010 அக்டோபரில் டெல்லியில் காமன்வெல்த் போட்டி. ஹாக்கி இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் இந்தியா 8-0 என்று தோற்றது. அதே வாரம் அரங்கத்துக்குப் போனபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். புல்வெளியில் ஆடுகிற ஹாக்கியை அவர் பார்த்ததே இல்லை. எங்கள் நாடு ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கம் வாங்கியது, முதலாவது 1928-இல், கடைசி 1980-இல் மாஸ்கோவில் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பனித்தளத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: அப்படியானால் உனக்கு முப்பது வருஷம், எனக்கு முப்பத்தைந்து. நான்தான் சீனியர்.

அந்த அரங்கத்தில் ஒரு இடைவேளை வழக்கம் உண்டு. கல்லூரி பேண்டுக்காரர்கள் கோடு போட்ட ஓவரால்ஸில் வந்து நின்று 'ப்ளூ ஸ்கர்ட் வால்ட்ஸ்' வாசிப்பார்கள். பழங்கால நடன மெட்டு, தாலாட்டு மாதிரி இடமும் வலமும் அசையும். உட்கார்ந்திருப்பவர்கள் பக்கத்திலிருப்பவர் யார் எவர் என்று பாராமல் கைகோத்துக்கொண்டு வரிசை வரிசையாக ஆடுவார்கள். முதல் தடவை அந்தக் கிழவர் என் முழங்கைக்குள் கையை நுழைத்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. கீழே பலகையில் நாம் இத்தனைக்குப் பின்தங்கியிருக்கிறோம் என்று சிவப்பு எழுத்தில் எரிகிறது. மேலே அத்தனை பேரும் கல்யாண வீட்டில் இருக்கிற மாதிரி அசைகிறார்கள். எரிச்சலாக வந்தது. தோற்கிற வீட்டில் பாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது? இரண்டாவது வருஷம் ஜனவரி வாக்கில் பார்த்தால், எதிரணி மூன்று கோல் முன்னால் இருக்கும்போதும் நான் அந்த மெட்டுக்காகக் காத்திருக்கிறேன். பேண்டு தொடங்கக் கொஞ்சம் தாமதமானால் கிழவரும் நானும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்போம்.

கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு என் மட்டையை எடுத்துப்போனேன். இரண்டு வருஷமாக அலமாரிக்குள் கிடந்தது. ஐஸ் ஹாக்கி மட்டையின் நீளத்துக்குப் பக்கத்தில் அது குட்டிப் பிள்ளை. ஒரு பக்கம்தான் தட்டை, மறுபக்கத்தால் தொட்டால் தப்பு. அதைக் கேட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு ஆட்டம் முழுக்க உட்கார்ந்திருந்தார். எழும்போது, அடுத்த பருவம் பார்க்கலாம் என்றார். நான் மே மாதம் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே சொன்னாரா, தெரியாது. அவர் பெயரை நான் கேட்டதே இல்லை என்பது பேருந்தில் ஏறி வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. அவரும் என் பெயரைக் கேட்டதில்லை. இரண்டு பருவம் ஒரே காப்பியைக் குடித்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நல்ல காலம். 2011-இல் அதே கல்லூரிக்கு ஒரு காலத்தில் ஆடிய மெல் பியர்சன் பயிற்சியாளராக வந்தார். அப்போது டெட்ராய்டில் வருஷக் கடைசியில் நடந்துவந்த கிரேட் லேக்ஸ் கோப்பையை 2012-இல் ஜெயித்தார்கள், 1980-க்குப் பிறகு முதல் தடவை. 2015-இல் தேசியப் போட்டிக்கே தகுதி பெற்றார்கள், 34 வருஷத்துக்குப் பிறகு. அப்போது நான் சென்னையில், சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். செய்தி பார்த்து முதலில் துள்ளினேன். பிறகு எங்கிருந்தோ ஒரு கசப்பு வந்தது. இந்த வெற்றிக்கு நான் என்ன செய்தேன்? நான் இருந்தபோது ஏன் இல்லை? என் பங்குப் பந்தியில் வெறும் தண்ணீரைத் தெளித்துவிட்டு, நான் எழுந்த பிறகு பாயசம் ஊற்றுகிறார்கள் என்று தோன்றியது. அந்த முதல் சுற்றில் செயின்ட் கிளவுட் அணியிடம் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தத் தோல்விக்குப் பிறகுதான் அது மறுபடி என் அணி மாதிரி தெரிந்தது.

இப்போதும் குளிர்காலத்தில் சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு எழுந்து காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வர்ணனை கேட்கிறேன். அங்கே அது வெள்ளி இரவு ஏழு மணி. அணி ஜெயிக்கிறது, தோற்கிறது, வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. ஆட்டத்தை இணையம் கொண்டுவந்துவிடுகிறது. முழங்கைக்குள் நுழைகிற கையைக் கொண்டுவர அதற்கு வழி இல்லை. ஒரு நாள் அடுப்படியில் நின்று அந்த மெட்டை முனகியபடி ஆடிக்கொண்டிருந்தேன். காப்பி கலக்க வந்த மனைவி ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்று கொஞ்சம் ஆடிவிட்டுப் பால் பொங்குகிறது என்று போய்விட்டாள்.

2021 ஆகஸ்டில் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று ஜெயித்து இந்திய ஹாக்கி அணி வெண்கலம் வாங்கியது. 41 வருஷம். கோவில்பட்டியிலிருந்து அப்பா போனில் அழுதார். அந்த நேரத்தில் நான் சொல்ல நினைத்த இன்னொரு ஆளுக்குப் பெயரும் இல்லை, போன் எண்ணும் இல்லை.

ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் சிலர் ஹோட்டனுக்குப் படிக்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். இதை வாசிக்கிறவர்கள் வீட்டிலிருந்து யாராவது போனால் ஒரு உதவி. மக்கின்னஸ் அரங்கத்தில் படியோரத்து இருக்கையில், கருப்பு மஞ்சள் குல்லாயும் நசுங்கிய பச்சை பிளாஸ்க்குமாக ஒரு பெரியவர் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள், காப்பி கொடுத்தால் வேண்டாமென்று சொல்லாதீர்கள். டோக்கியோவில் வெண்கலம், பாரிஸில் இன்னொரு வெண்கலம் என்று சொல்லிவிடுங்கள். தங்கம் இன்னும் வரவில்லை, சீனியர் இப்போதும் அவர்தான் என்றும் சொல்லுங்கள்.